மாண்டிசோரி முறை: நாடுதோறும் வேரூன்றிய வரலாறு

மாண்டிசோரி முறை என்பது இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி (1870–1952) உருவாக்கிய குழந்தைமையக் கல்வி முறையாகும். ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும் வழக்கத்துக்கு மாறாக, குழந்தை தானே பொருள்களைக் கையாண்டு தன் போக்கில் கற்பதே இதன் அடிப்படை. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பர். இம்முறை சில நாடுகளில் நிலைத்தது. சிலவற்றில் பட்டுப்போய்ப் பின்பு துளிர்த்தது. பல இடங்களில் பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கிறது.

தோற்றம்

ரோம் நகரின் சான் லொரென்சோ அக்காலத்தில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அங்கே ஒரு கட்டட நிறுவனம் பழைய குடியிருப்புகளைப் புதுப்பித்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறுபிள்ளைகள் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். அவர்களைக் கவனிக்க ஒரு இடம் தேவைப்பட்டது. 1907 சனவரி 6 அன்று மாண்டிசோரியின் பொறுப்பில் ‘குழந்தைகள் இல்லம்’ அங்கே திறக்கப்பட்டது. சுவரைக் காப்பாற்றத் தொடங்கிய ஏற்பாடு ஒரு கல்வி முறைக்குத் தொட்டில் ஆனது.

அதற்கு முன் மாண்டிசோரி, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே பணியாற்றியவர். இத்தார், செகுவான் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் வழியில் தொட்டும் அடுக்கியும் கற்கும் கருவிகளை அவர் பயன்படுத்தினார். அவற்றையே சான் லொரென்சோ பிள்ளைகளிடமும் கொடுத்தார். விளையாட்டுப் பொம்மைகளைவிட அடுக்கும் கட்டைகளையும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளையும் அவர்கள் விரும்பியதும், ஒரே வேலையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்ததும் அவரை வியக்க வைத்தன.

அமெரிக்காவும் ஐரோப்பாவும்

அமெரிக்காவில் இம்முறை புயல்போல் பரவியது. 1911இல் ‘மெக்ளூர்ஸ்’ இதழில் கட்டுரைகள் வெளியாயின. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் குடும்பத்தினர் ஆதரித்தனர். 1915இல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறையில் பிள்ளைகள் கற்பதைக் கூட்டம் வேடிக்கை பார்த்தது. ஆனால் 1914இலேயே, கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் கில்பாட்ரிக், இம்முறையின் உளவியல் காலத்தால் பின்தங்கியது என்று நூல் எழுதிவிட்டார். ஆசிரியர் பயிற்சியைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற மாண்டிசோரியின் பிடிவாதமும் சேர்ந்தது. சில ஆண்டுகளில் அலை ஓய்ந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து நான்சி ராம்புஷ் என்ற அமெரிக்கப் பெண்மணி அதை மீட்டார். 1960இல் அமெரிக்க மாண்டிசோரி சங்கம் உருவானது. வெளியிலிருந்து வந்த வித்தை என்ற நிலை மாறி, உள்ளூரார் பொறுப்பேற்ற பிறகே அங்கு வேர் பிடித்தது எனலாம்.

இத்தாலியில் 1924 முதல் முசோலினியின் அரசு ஆதரவு தந்தது. சுயமாகச் சிந்திக்கும் குழந்தையும் கட்டளைக்குப் பணியும் குடிமகனும் ஒரே வகுப்பில் வளர முடியாது. உறவு முறிந்து 1934இல் அங்குள்ள பள்ளிகள் மூடப்பட்டன. செருமனியில் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் அதே கதிதான். பார்சிலோனாவில் வாழ்ந்த மாண்டிசோரியை 1936இல் உள்நாட்டுப் போர் வெளியேற்றியது.

அவருக்குப் புகலிடம் தந்த நெதர்லாந்தில்தான் ஐரோப்பாவிலேயே இம்முறை ஆழமாக ஊன்றியது. தனியார் பள்ளிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்குச் சமமாகப் பொதுப்பணம் தர வேண்டும் என்று அந்நாட்டு அரசியலமைப்பு 1917இல் விதித்தது. எனவே பெற்றோரின் பணப்பையை மட்டும் நம்பிப் பள்ளி நடத்த வேண்டிய தேவை இல்லை. நாட்குறிப்பால் உலகறிந்த ஆன் பிராங்க் படித்ததும் ஆம்ஸ்டர்டாமின் ஒரு மாண்டிசோரிப் பள்ளியில்தான்.

இந்தியாவும் இலங்கையும்

மாண்டிசோரி இந்தியாவுக்கு வருமுன்பே அவரது முறை வந்துவிட்டது. வழக்கறிஞராக இருந்து ஆசிரியரான கிஜுபாய் பதேக்கா 1920இல் குசராத்தின் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கினார். இந்தியக் கதைகளையும் பாடல்களையும் அதில் சேர்த்தார்.

பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பில் 1939இல் மாண்டிசோரி, மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் பயிற்சிக்குச் சேர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். சில மாதப் பயணம் பல ஆண்டுகளாக நீண்டது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்று மரியோ அகமத்நகரில் அடைக்கப்பட்டார். மாண்டிசோரி அடையாற்றிலேயே இருக்க வேண்டியதாயிற்று. ஆகத்து 31 அன்று, அவரது 70ஆம் பிறந்தநாளில், மகன் விடுவிக்கப்பட்ட செய்தியை அரசு பரிசாக அனுப்பியது.

பிறகு கொடைக்கானலில் தங்கியபோது ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான பாடத்திட்டம் வளர்ந்தது. செடி, பூச்சி, கல் எல்லாவற்றையும் ஒரே பிரபஞ்சக் கதையின் பகுதிகளாகக் கற்பிக்கும் அணுகுமுறை அது. இன்று உலகெங்கும் மாண்டிசோரித் தொடக்கப் பள்ளிகள் பின்பற்றுவது இதைத்தான். இதில் நம் மலையூர் ஒன்றுக்குப் பங்குண்டு என்பது தமிழ்நாட்டிலேயே பலருக்குத் தெரியாது. 1944இல் இலங்கையிலும் அவர் பயிற்சி நடத்தினார். அங்கே இன்று பாலர் பள்ளி எதுவானாலும் ‘மொண்டிசோரி’ என்றே மக்கள் அழைக்கின்றனர்.

பெயரின் இந்தப் பரவல் முறையின் பரவல் அன்று. ‘மாண்டிசோரி’ பொதுச்சொல், எவருக்கும் தனியுரிமை இல்லை என்று அமெரிக்க வணிகக்குறி வாரியம் 1967இல் தீர்ப்பளித்தது. வரிசையில் உட்கார்த்தி, வீட்டுப்பாடம் கொடுத்து, நாலு வயதில் தேர்வு வைக்கும் பள்ளிகூட அப்பெயரைப் போட்டுக்கொள்ளலாம். உண்மையாகவே நடத்தும் பள்ளிகளிலோ கருவிகளின் விலையும் கட்டணமும் ஏழைக்கு எட்டுவதில்லை. சான் லொரென்சோவின் பிள்ளைகளே இன்று வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டவர் மகாராட்டிரத்தின் தாராபாய் மோதக். கிஜுபாயுடன் பணியாற்றிய அவர், 1945 முதல் போர்டியிலும், பின்னர் கோஸ்பாட்டிலும் அனுதாய் வாக் என்பவருடன் சேர்ந்து பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். விலைகொடுத்து வாங்கும் கருவிகளுக்குப் பதில் கூழாங்கல், கிளிஞ்சல், இலை, குச்சி ஆகியவற்றை வைத்து எண்ணவும் தரம் பிரிக்கவும் கற்பித்தார். பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளியே குடியிருப்பின் முற்றத்துக்குப் போனது. ‘அங்கன்’ என்றால் முற்றம். அதிலிருந்து வந்ததே அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய நடுவண் அரசின் குழந்தை வளர்ச்சித் திட்ட மையங்களுக்கும் அப்பெயரே அமைந்தது. தமிழ்நாட்டு ஊர்களில் அதைப் ‘பால்வாடி’ என்பர். அதிலுள்ள ‘பால்’ பிள்ளைகள் குடிக்கும் பால் அன்று. குழந்தையைக் குறிக்கும் ‘பால’ என்ற வடசொல்.