மூணாறு: கல்லறைக்குப் பின் எழுந்த ஆலயம்

எந்த ஊரிலும் முதலில் தேவாலயம் எழும்பும். கல்லறைத் தோட்டம் பிறகுதான் அமையும். கேரளத்தின் மூணாறு மலையில் இது தலைகீழாக நடந்தது.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அவரைத் தொடர்ந்து வந்த துரைமார்களுள் ஒருவர் ஹென்றி மான்ஸ்ஃபீல்ட் நைட். கணவருடன் மலையேறி வந்த அவருடைய மனைவி எலினர் இசபெல் மே, 1894 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களே இருந்தபோது காலராவுக்குப் பலியானார். வயது 24. "நான் இறந்தால் இங்கேயே புதையுங்கள்" என்று ஒரு குன்றைக் காட்டி அவர் கணவரிடம் சொல்லியிருந்ததாக மூணாற்றில் இன்றும் சொல்கிறார்கள். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, அந்தக் குன்றில்தான் அடக்கம் நடந்தது.

1900-இல் அவ்விடம் முறைப்படி கல்லறைத் தோட்டமாக அர்ப்பணிக்கப்பட்டது. தேவாலயத்துக்கு அடிக்கல் விழுந்ததோ 1910 மார்ச்சில்தான். மறு ஆண்டு கருங்கல் கட்டடம் எழுந்தது. 1924 பெருவெள்ளம் மூணாற்றின் ரயில் பாதையையே அழித்துப் போட்டது. மேட்டில் இருந்த ஆலயம் தப்பியது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயம். தமிழிலும் ஆராதனை நடக்கிறது.

தமிழ் எப்படி அங்கே வந்தது? போடிநாயக்கனூர் பக்கமிருந்து மலைப்பாதையில் நடந்தே ஏறி, காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள் நம்மவர்கள். ஆனால் ஆலயச் சுவரில் உள்ள பித்தளைத் தகடுகளில் நினைவுகூரப்படுவோர் துரைமார்கள். காலரா துரைசானி என்றும் கூலி என்றும் பார்த்ததில்லை. கல்லில் பெயர் வெட்டியவர்கள்தாம் பார்த்தார்கள். மலேசியத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தாத்தா பாட்டியின் சமாதியைத் தேடி அலைந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. மாண்டவர்கள் 70 பேர். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மீட்கப்பட்டவர்களை ராஜமலையில், அதே எஸ்டேட் மண்ணில், பக்கம் பக்கமாக அடக்கம் செய்தார்கள். மூணாற்றுக்குச் சுற்றுலா போகிறவர்கள் நைட் துரைசானியின் கல்லறையைப் பார்த்த கையோடு ராஜமலைக்கும் ஒரு நடை போய் வரலாம்.