இசிஐஎல் கணினிகள்: 12 பிட், 16 பிட், மதிப்பு என்னும் சிக்கல்

ஹைதராபாத் நகரின் வடகிழக்குப் பகுதிக்குச் செல்லும் பேருந்துகளில் 'இசிஐஎல்' என்ற பலகையை இன்றும் காணலாம். பயணிகள் பலருக்கு அது ஒரு நாற்சந்தியின் பெயர் மட்டுமே. அப்பெயருக்குரிய நிறுவனம்தான் 1970-களில் இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட கணினிகளைத் தயாரித்து விற்றது. அவற்றுள் டிடிசி-312, டிடிசி-316 ஆகிய இரண்டின் செயலிகளையும் அருகருகே வைத்து, எது திறன் மிக்கது, எது கொடுத்த விலைக்குத் தகுந்தது என்று கேட்டால் அது எளிய கேள்வியாகவே தோன்றும். திறனை விலையால் வகுத்தால் மதிப்பு கிடைத்துவிடும் என்பது இன்றைய ஒப்பீடுகளின் பொதுவான நம்பிக்கை. ஆனால் அக்காலத்து இந்தியாவில், 'விலை' என்ற இடத்தில் எதை எழுதுவது என்பதே தீராத வழக்காக இருந்தது. அந்த வழக்கின் வரலாறு இன்றைக்கும் பயன்படக்கூடியது.

1962-ஆம் ஆண்டின் சீனப் போருக்குப் பின், மின்னணுவியலில் நாடு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பது ஆட்சியாளர்களுக்கு உறைத்தது. 1963-இல் ஹோமி பாபாவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1966-இல் வெளிவந்தது. மின்னணுத் துறையில் தற்சார்பை அது வலியுறுத்தியது. அடுத்த ஆண்டு, 1967 ஏப்ரலில், அணுசக்தித் துறையின் கீழ் 'எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா லிமிடெட்' ஹைதராபாத்தில் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கி வளர்த்தவர் ஏ. எஸ். ராவ். நகரின் ஏ. எஸ். ராவ் நகர் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதே காலத்தில் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 12 பிட் எண்முறைக் கணினி ஒன்று உருவாகி வந்தது. 1969 ஜனவரியில் விக்ரம் சாராபாய் அதனைத் தொடங்கி வைத்தார். 'டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர்' என்பதன் சுருக்கமே டிடிசி. அந்த டிடிசி-12 ஹைதராபாத்தில் வணிக உற்பத்திக்கு வந்தது. அதன் மேம்பட்ட வடிவமான டிடிசி-312 1974-இலும், 16 பிட் கொண்ட டிடிசி-316 1975-இலும் வெளிவந்தன.

12 பிட், 16 பிட் என்பவை ஒரு செயலியின் 'சொல் நீளத்தை'க் குறிக்கின்றன. செயலி ஒரே வீச்சில் எடுத்துக் கையாளும் இருமத் தொகுதிக்குக் கணினித் துறை இட்ட பெயர் 'சொல்'. நினைவகத்தின் ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. அதுவே அதன் முகவரி. 12 பிட்டுக்குள் எழுதக்கூடிய முகவரிகள் 4,096. 16 பிட்டுக்குள் 65,536. எனவே 12 பிட் செயலியில் நினைவகம் 4,096 சொற்களைத் தாண்டும்போது அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பதை நிரல் எழுதுபவரே கண்காணிக்க வேண்டும். அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1965-இல் வெளியிட்ட பிடிபி-8 இவ்வகைக் கணினிகளில் உலகப் புகழ் பெற்றது. அதன் கட்டளைச் சொல்லில் 3 பிட், என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் போய்விடும். அடிப்படைக் கட்டளைகள் எட்டே எட்டு. பெருக்கல் போன்ற செயல்களைச் சிறு கட்டளைகளின் கோவையாக எழுத வேண்டியிருந்தது. அதே நிறுவனம் 1970-இல் வெளியிட்ட 16 பிட் பிடிபி-11 இந்த நெருக்கடியைப் பெரிதும் தளர்த்தியது. ஹைதராபாத்தின் இரு கணினிகளும் முறையே இவ்விரு வகுப்புகளைச் சேர்ந்தவை.

இதனால் 16 பிட்டே எப்போதும் மேல் என்று முடிவு கட்டிவிட இயலாது. அக்காலத்து நினைவகம் மிகச் சிறிய காந்த வளையங்களால் கோக்கப்பட்டது. ஒரு பிட்டுக்கு ஒரு வளையம். 4,096 சொற்கள் கொண்ட நினைவகத்துக்கு 12 பிட் கணினியில் 49,152 வளையங்கள் போதும். 16 பிட் கணினியில் 65,536 வேண்டும். அதே எண்ணிக்கைச் சொற்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் செலவு என்று பொருள். ஆய்வகத்தில் ஒரு கருவியின் அளவீட்டை நொடிதோறும் படித்து, வரம்பு மீறினால் எச்சரிக்கும் பணிக்கு 12 பிட் துல்லியம் பெரும்பாலும் போதுமானது. அத்தகைய இடத்தில் 16 பிட் கணினியை வைப்பது வீண் செலவு. பெரிய அட்டவணைகளைக் கையாளும்போதும், பலர் ஒரே கணினியைப் பகிரும்போதும் 12 பிட்டின் சிக்கனம் மனித உழைப்பின் செலவாக மாறிவிடும்.

மொழி ஆய்வாளர் கவனிக்க வேண்டிய வேறுபாடும் ஒன்று உண்டு. 12 பிட் சொல்லுக்குள் 6 பிட் குறியீடுகள் இரண்டு இயல்பாக அடங்கும். 6 பிட் தருவது 64 வடிவங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகியவற்றுக்கு அது போதும். சிறிய எழுத்துகளையும் சேர்த்தால் போதாது. 16 பிட் சொல்லுக்குள் 8 பிட் குறியீடுகள் இரண்டு அடங்கும். ஒவ்வொன்றும் 256 வடிவங்கள் தரும். தமிழ் எழுத்துகள் 247. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் அனைத்துக்கும் தனித்தனி எண் கொடுக்க 6 பிட்டால் இயலாது. 8 பிட்டில் கணக்களவில் இயலும். சொல் நீளத்தைத் தீர்மானித்தவர்கள் இந்திய எழுத்துகளை எண்ணிப் பார்த்துத் தீர்மானிக்கவில்லை. ஆயினும் எந்த மொழிக்குக் கணினியில் எளிதாக இடம் கிடைக்கும் என்பதையும் சொல் நீளம் ஓரளவு முன்கூட்டியே வகுத்துவிட்டது. திறன் அட்டவணைகளில் இத்தகைய திறனுக்குப் பத்தி இல்லை.

இனி விலை. பிடிபி-8 அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 டாலருக்கு அறிமுகமானது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76-இலிருந்து 7.50 ஆகக் குறைக்கப்பட்டது. அதே 18,000 டாலர், ஒரே நாளில் சுமார் 86,000 ரூபாயிலிருந்து 1,35,000 ரூபாயாக உயர்ந்தது. சுங்க வரி தனி. ரூபாய் கையில் இருந்தாலும் டாலர் கிடைப்பது உறுதியில்லை. அந்நியச் செலாவணிக்கு அரசின் ஒப்புதல் வேண்டும். ஆகவே ஒரு பல்கலைக்கழகத்துக்கு இறக்குமதிக் கணினியின் விலை என்பது பணம், அனுமதி, காத்திருப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தது. இம்மூன்றையும் கூட்டும் பொது அலகு எவரிடமும் இருக்கவில்லை.

உள்நாட்டுக் கணினி இச்சிக்கலை முழுமையாகத் தீர்த்துவிட்டது என்றும் கூற முடியாது. அதன் உறுப்புகளில் பல இறக்குமதியானவையே. உற்பத்தி எண்ணிக்கையும் மிகச் சிறியது. 1970-களில் இசிஐஎல் விற்ற கணினிகள் ஏறத்தாழ 100. வாங்கியவை பெரும்பாலும் அரசு ஆய்வகங்களும் கல்வி நிறுவனங்களும். பிடிபி-8 குடும்பமோ 50,000-க்கும் மேல் விற்றது. ஒரு வடிவமைப்பின் செலவை 50,000 பேர் பகிர்வதற்கும் 100 பேர் பகிர்வதற்கும் உள்ள தொலைவை எந்தப் பொறியாளரின் திறமையும் கடந்துவிட முடியாது. மென்பொருளிலும் அதே நிலை. பிடிபி-11 வாங்கியவருக்கு உலகெங்கும் எழுதப்பட்ட நிரல்களின் துணை இருந்தது. யூனிக்ஸ் இயங்குதளம் வளர்ந்ததே அக்கணினியில்தான். ஹைதராபாத் கணினிக்கான நிரல்களை இங்குள்ளவர்களே எழுத வேண்டியிருந்தது. 12 பிட்டுக்கு எழுதியதை 16 பிட்டுக்கு அப்படியே கொண்டுசெல்லவும் வழியில்லை.

இக்குறையையே வரவாக எழுதும் கணக்கும் உண்டு. செயலியைத் தாமே வடிவமைத்து, அதற்கான நிரல்களைத் தாமே எழுதி, பழுதானால் தாமே திறந்து பார்த்த ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் உருவாயினர். ஐபிஎம் நிறுவனம் 1401 கணினிகளைப் பெரும்பாலும் வாடகைக்கே விட்டது. பராமரிப்பும் அதன் ஆட்களிடமே இருந்தது. 1978-இல் அந்நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, கணினியின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்தவர்கள் நாட்டில் இருந்ததன் மதிப்பு தெரிந்தது. ஆனால் அந்த மதிப்பு கணினியை வாங்கியவரின் கணக்கில் வரவாகவில்லை. நாட்டின் கணக்கில் வரவாகியது. கூடுதல் விலையை ஆய்வகம் கொடுத்தது; பயனை வேறு பலர் பெற்றனர். ஆய்வாளர்களின் முறையீடும் கொள்கை வகுத்தோரின் வாதமும் ஒன்றையொன்று சந்திக்காமலே போனதற்கு இதுவே காரணம். இரு தரப்பும் வகுத்தது வெவ்வேறு எண்களால்.

வழக்கு தீர்வதற்குள் களமே மாறிவிட்டது. 1974-இல் இன்டெல் நிறுவனம் 8080 என்ற 8 பிட் செயலியை ஒரே சில்லாக வெளியிட்டது. அறிமுக விலை 360 டாலர். பலகை பலகையாகச் சுற்றுகளை அடுக்கி உருவாக்கிய செயலி உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. 1978-இல் இசிஐஎல் தானே நுண்செயலியை அடிப்படையாகக் கொண்ட மைக்ரோ-78 கணினியை வெளியிட்டது. அதே ஆண்டுகளில் தனியார் நிறுவனங்களுக்கும் உற்பத்தி உரிமம் கிடைத்தது. அவை வெளிநாட்டுச் சில்லைச் சுற்றிக் கணினிகளைக் கட்டின. செயலியை வடிவமைப்பது என்ற பணியே பெருமளவுக்கு இந்தியாவின் கையை விட்டுப் போனது. 12 பிட்டா 16 பிட்டா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய தேவை மறைந்துவிட்டது.

பல பத்தாண்டுகளுக்குப் பின், சென்னையில் அதே கேள்வி மீண்டும் எழுந்திருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் வடிவமைத்த 'சக்தி' குடும்பச் செயலிகளில் ஒன்று 2018-இல் அமெரிக்காவின் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் வார்க்கப்பட்டது. மற்றொன்று சண்டிகர் அருகிலுள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் வார்க்கப்பட்டது. வேகத்தை மட்டும் அளந்தால் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. ஆனால் இரண்டாவதின் மதிப்பு எந்த எண்ணால் வகுக்கப்பட வேண்டும் என்று கேட்கும்போது, டிடிசி கணினிகளின் வழக்கு அப்படியே திரும்பி வருகிறது. இந்த முறையாவது, விலையைக் கொடுப்பவர் யார், பயனைப் பெறுபவர் யார் என்பதை அட்டவணையின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது.