மதுரை கண்ட இரு பயணிகள்

அரபு மொழியில் 'ரிஹ்லா' என்றொரு சொல் உண்டு. பயணம் என்பது அதன் முதற்பொருள். பயணம் சென்றவர் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்த நூலுக்கும் அதே பெயர்தான். போவதும் ரிஹ்லா, போய்வந்து எழுதுவதும் ரிஹ்லா. தமிழ் முஸ்லிம்களாகிய நம்முடைய அன்றாடப் பேச்சில் இச்சொல் புழங்குவதில்லை. 'சபர்' என்னும் சொல்லே புழங்குகிறது. மகன் சபரில் இருக்கிறான் என்றால், பினாங்கிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ பொருளீட்டிக் கொண்டிருக்கிறான் என்று கொள்கிறோம். சபர் சென்றவர் என்ன அனுப்பினார் என்று கேட்கிறோம். எப்போது வருவார் என்று கேட்கிறோம். என்ன கண்டார் என்று கேட்பவர் நம்மில் மிகச் சிலரே.

இதை எண்ணிப் பார்க்கும்படி அண்மையில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. நம்மிடம் ஓதி முடித்த மாணவர் ஒருவர், மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர், இருபது வயதினர், நம்மைத் தேடி வந்தார். அவருடைய அரபுக் கையெழுத்து அழகானது. இஸ்தான்புல் நகரம் சென்று எழுத்தணிக் கலையை முறையாகப் பயில வேண்டும் என்பது அவர் அவா. அவருடைய அத்தாவோ மலேசியாவில் உறவினர் கடையில் வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். "ஹஜ்ரத், நீங்கள் சொன்னால் அத்தா கேட்பார்கள்" என்றார் மாணவர். மறுநாள் அத்தாவும் வந்தார். "ஹஜ்ரத், எழுதிப் பழகினால் வயிறு நிறையுமா? அப்படியே அவன் எழுதினாலும் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். இரண்டு நாள் பொறுக்கும்படி இருவரிடமும் சொன்னோம். அவ்விரு நாட்களில், இளமையில் கடல் கடந்தவர்களும், நம் மதுரை மண்ணில் கால் பதித்தவர்களுமாகிய இரு பயணிகளின் வரலாறுகளைப் புரட்டிப் பார்த்தோம்.

முதலாமவர் இப்னு பதூதா. மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்தவர். 1325ஆம் ஆண்டில், தம் 21ஆம் வயதில், ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்டார். அப்போது தாயும் தந்தையும் உயிருடன் இருந்தனர். அவர்களைப் பிரிந்தது தம் நெஞ்சைப் பிழிந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவர்களை அவர் மறுபடி காணவில்லை. தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்ட செய்தி 1348இல் டமாஸ்கஸ் நகரில் அவருக்குக் கிடைத்தது. அவர் ஊர் திரும்பும் வழியில் இருந்தபோது தாயும் கொள்ளைநோய்க்கு இரையானார். இளவயதில் வெளிநாடு செல்வதை உயர்த்திப் பேசுவோர் இந்த விலையை மறைக்கலாகாது. அந்த அத்தாவின் அச்சத்தில் ஒரு பங்கு இதுவேயன்றோ?

டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கிடம் காஜியாக இருந்து, மாலத்தீவிலும் காஜியாக இருந்து, இலங்கையைக் கண்டு, 1340களின் நடுவில் இப்னு பதூதா நம் கரைக்கு வந்தார். வரும் வழியில் கப்பல் உடைந்தது. கரையேறியவரை மஅபர் நாட்டுச் சுல்தான் கியாதுத்தீன் வரவேற்றார். மதுரையைத் தலைநகராகக் கொண்டிருந்த அச்சுல்தானும் இப்னு பதூதாவும் உடன்பிறந்த இரு பெண்களை மணந்தவர்கள், எனவே சகலர்கள். அகன்ற தெருக்களையுடைய பெருநகரம் என்று மதுரையை அவர் வருணிக்கிறார். அவர் நுழைந்தபோது ஊரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. நோயுற்றோர் இரண்டு மூன்று நாட்களில் மாண்டனர். அவரையும் காய்ச்சல் பற்றியது. நம் நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் புளியை ஏறத்தாழ ஓர் இராத்தல் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்ததாகவும், அது வயிற்றைக் கழுவிவிட, இறைவன் அருளால் பிழைத்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். மதுரை வீட்டு அடுக்களையில் இருக்கும் புளி உலகப் புகழ்பெற்ற அரபு நூலொன்றில் இடம்பெற்ற கதை இதுதான்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. கியாதுத்தீன் தம்முடைய சகலர், உப்பிட்டவர், தம்மை ஆதரித்தவர். ஆயினும் சிறைப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் அவர் கொன்றதை இப்னு பதூதா மறைக்கவில்லை. வெறுப்புடன் கண்டித்தே எழுதியிருக்கிறார். கண்டதைக் கண்டபடி சொல்லும் இத்துணிவே அவர் நூலை வரலாறாக்கியது.

ஆனால் அந்த நூல் எவ்வாறு பிறந்தது? இப்னு பதூதா நூல் எழுதும் எண்ணத்தோடு புறப்பட்டவர் அல்லர். எடுத்த குறிப்புகள் சிலவற்றைக் கடற்கொள்ளையரிடம் இழந்தவர். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அலைந்து அவர் மொராக்கோ திரும்பியபோது, அவருடைய கதைகளைப் பலர் நம்பவில்லை. அப்படிப்பட்டவரை ஃபெஸ் நகரத்துச் சுல்தான் அபூ இனான் அழைத்து, கண்டதையெல்லாம் சொல்லும்படி பணித்தார். அதைக் கேட்டு எழுத இப்னு ஜுஸை என்னும் இளம் இலக்கியவாணரை அமர்த்தினார். இந்த இப்னு ஜுஸையும் தம் ஊராகிய கிரனாடாவை விட்டு, எழுத்தையே தொழிலாகக் கொண்டு, கடல் கடந்து ஃபெஸ் அரசவைக்கு வந்தவர் என்பது நம் மாணவருக்காக நாம் குறித்து வைத்துக்கொண்ட செய்தி. ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத, 1355ஆம் ஆண்டில் ரிஹ்லா நிறைவெய்தியது. ஓர் அரசர் கேட்டிராவிட்டால், மதுரைப் புளியின் கதை அம்முதியவரோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

இப்னு பதூதா புளித்தண்ணீர் குடித்துப் பிழைத்த அதே மதுரையில், 600 ஆண்டுகள் கழித்து வாழ்ந்தவர் நம்முடைய இரண்டாவது பயணி. அவர் ப. சிங்காரம். மதுரைக்கு வடகிழக்கே உள்ள சிங்கம்புணரியில் 1920ஆம் ஆண்டு பிறந்தார். மதுரையில் தூய மரியன்னை உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1938இல், 18 வயதில், சுமத்ராத் தீவிலுள்ள மேடான் நகருக்குக் கப்பலேறினார். அப்போது அது டச்சுக்காரர்கள் ஆண்ட நாடு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வணிகர்கள் அங்கே வட்டிக்கடைகள் நடத்தினர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியான வேலைகள். அத்தகைய கடையொன்றில் வேலை செய்யவே அவர் போனார். நாவல் எழுதப் போகவில்லை.

கடையில் கணக்குப் பார்த்த இளைஞரைச் சுற்றி உலகம் புரண்டது. 1942இல் ஜப்பானியர் சுமத்ராவைப் பிடித்தனர். தென்கிழக்காசியத் தமிழ் இளைஞர் பலர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். 1945இல் ஜப்பான் சரணடைந்தது. இந்தோனேசிய மக்கள் விடுதலைப் போரில் இறங்கினர். இவற்றையெல்லாம் அவர் அருகிருந்து கண்டார். ஆங்கில நூல்களைத் தேடிப் படித்தார். ஹெமிங்வே அவரைக் கவர்ந்த எழுத்தாளர்களுள் ஒருவர். அங்கே மணந்த மனைவியையும் பிறந்த குழந்தையையும் அங்கேயே இழந்தார். 1946இல் ஊர் திரும்பினார். 1947 முதல் 40 ஆண்டுகள் மதுரையில் தினத்தந்தி நாளிதழில் பணியாற்றினார். மறுமணம் செய்யாமல் கிறித்தவ இளைஞர் சங்க விடுதியின் அறையொன்றில் தனித்தே வாழ்ந்தார்.

அந்தத் தனிமையில் இரண்டு நாவல்களை எழுதினார். 'கடலுக்கு அப்பால்' 1950இல் எழுதப்பட்டது. கலைமகள் நடத்திய போட்டியில் பரிசு பெற்று 1959இல்தான் நூலாயிற்று. 'புயலிலே ஒரு தோணி' 1962இல் எழுதப்பட்டு, 10 ஆண்டுகள் காத்திருந்து 1972இல் வெளிவந்தது. போர்க்காலத்து மேடானையும் பினாங்கையும், வட்டிக்கடைப் பையன்களையும், கடல் நடுவே தத்தளித்த தோணியையும் அந்நாவலில் காண்கிறோம். அதன் நாயகன் பாண்டியன் அயல்மண்ணில் நின்றுகொண்டு மதுரை வீதிகளை எண்ணி எண்ணி உருகுகிறான். சபர் சென்ற எவருக்கும் அந்த உருக்கம் புரியும். தமிழின் மிகச் சிறந்த நாவல்களுள் ஒன்றென்று இன்று அறிஞர் பலர் அதனைப் போற்றுகின்றனர். ஆனால் அந்தப் போற்றுதல் பெருகியது 1997 டிசம்பரில் அவர் மறைந்த பின்னரே. இரண்டாவது நாவலுக்குப் பின் மூன்றாவது நாவல் வரவில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தைக் கல்விக்காக நன்கொடை அளித்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார்.

இருவரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவரும் இளமையில் புறப்பட்டவர்கள். ஒருவர் ஹஜ்ஜை நாடினார், மற்றவர் பிழைப்பை நாடினார். இருவரையும் எழுத்தாக்கியது அயல்நாடு. வேறுபாடு திரும்பி வந்த பிறகுதான் தோன்றுகிறது. ஃபெஸ் நகரத்தில் கேட்க ஓர் அரசர் இருந்தார், எழுத ஓர் இளைஞர் இருந்தார். மதுரையில், நம் தெருக்களிலே நாள்தோறும் நடந்த ஒரு மனிதரை, 'ஐயா, என்ன கண்டீர்கள்?' என்று கேட்டவர் எத்தனை பேர்? நாமும் மதுரைக்காரர்தாம். அவர் இருந்த காலத்தில் அந்தப் பக்கமாக எத்தனையோ முறை நடந்திருக்கிறோம். நாமும் கேட்கவில்லை.

கேட்கும் செவி அரசரிடம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திருவாரூரில் 1903இல் பிறந்த கோ. சாரங்கபாணி 1924இல் சிங்கப்பூர் சென்றார். இப்னு பதூதா புறப்பட்ட அதே 21 வயது அவருக்கு. 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். தாம் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1950களில் 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியை ஏற்படுத்தி, தோட்டப்புறத்துப் பிள்ளைகளும் துறைமுகத் தொழிலாளர் பிள்ளைகளும் எழுதுவதற்கு இடம் கொடுத்தார். மலேசிய சிங்கப்பூர் எழுத்தாளர் பலர் அதிலே எழுதிப் பழகியவர்கள். எழுதுகிறவனுக்குக் காகிதமும் மையும் போதா. வாசிக்க ஒருவர் காத்திருக்கிறார் என்னும் நம்பிக்கையும் வேண்டும். அதை அவர் அறிந்திருந்தார்.

மாணவர் விரும்பும் எழுத்தணிக் கலையும் இப்படி ஆசானின் கண்ணெதிரே வளர்வதுதான். பக்தாத் நகரத்து ஹாஷிம் முஹம்மது கெய்ரோவுக்குச் சென்று பயின்றார். பின்னர் இஸ்தான்புல் நகரத்துப் பேராசான் ஹாமித் ஐதாச்சிடம் இஜாஸத் பெற்று, தம் காலத்தின் தலைசிறந்த எழுத்தணிக் கலைஞர்களுள் ஒருவரானார். அந்த ஹாமிதும் இஸ்தான்புல்லில் பிறந்தவர் அல்லர். தியார்பக்கிரிலிருந்து இளைஞராக வந்தவர். காரியத்தை எளிதாக்கித் தரும்படி இறைவனை வேண்டும் சிறு துஆ ஒன்றே அம்மரபின் முதற்பாடம். மாணவன் எழுதிக் காட்ட, ஆசான் சிவப்பு மையால் திருத்த, அதுவே மாதக்கணக்கில் தொடரும். ஒருவர் எழுதுவதை மற்றொருவர் பொறுமையோடு பார்ப்பதே அந்தக் கல்வி.

ஈண்டு நம்முடைய குறையொன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு நம்மிடம் ஓதிய வேறொரு மாணவர் சவூதிக்குப் போனார். விடுமுறையில் வந்தபோது மூன்று நோட்டுப் புத்தகங்களை நம் கையில் கொடுத்து, "ஹஜ்ரத், பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். ரமளான் கழியட்டும் என்றோம். ரமளான் கழிந்தது, அவருடைய விடுப்பும் கழிந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை, நாமும் திறக்கவில்லை. இந்த இரண்டு நாட்களில்தான் அலமாரியின் அடித்தட்டிலிருந்து அவற்றை எடுத்துப் படித்தோம். தம்மாம் துறைமுகத்தின் இரவுகள், ஓர் அறையில் எட்டுப் பேர் உறங்கும் முறைவரிசை, ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசிக்கத் தெரியாத தோழருக்கு வாசித்துக் காட்டிய மாலைகள் ஆகியவை எல்லாம் அவற்றில் இருந்தன. தமிழ் சிறிது தடுமாறுகிறது; கண் தடுமாறவில்லை. பொழுதோடு படித்துச் சொல்லியிருந்தால் நான்காவது நோட்டும் வந்திருக்கும். அவர் இப்போது ஊரோடு தங்கி, மதுரையிலேயே சிறு துணிக்கடை நடத்துகிறார். எழுதுவதில்லை என்று கேள்வி.

மூன்றாம் நாள் அத்தாவும் மகனும் வந்தனர். எழுத்து வயிற்றை நிரப்பும் என்று நாம் வாக்களிக்கவில்லை; அதற்கு நாம் பொறுப்பேற்க இயலாது. சிங்காரம் நாளிதழ் வேலையில் வயிறு வளர்த்தே நாவல் எழுதினார் என்பதையும் மகனுக்குச் சொன்னோம். கூடவே, தாயையும் தந்தையையும் பிரிந்த இப்னு பதூதாவின் துயரையும் சொன்னோம். பிறகு அத்தாவிடம், "யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டீர்களே, முதலில் நாம் பார்ப்போம். மாதம் ஒரு தாள் எழுதி அனுப்பட்டும். படித்துப் பதில் எழுதுவது நம் கடமை" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. "ஒரு வருஷம் போகட்டும் ஹஜ்ரத். அதற்கு மேல் கடை வேலை" என்றார். மகனும் ஒப்பினார். இறைவன் நாடினால் அந்த ஓராண்டில் பரக்கத் உண்டாகும்.

நம் ஊர்களில் சபர் சென்று திரும்பிய பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பினாங்குக் கடைத்தெருவையும் கொழும்புத் துறைமுகத்தையும் கண்ட கண்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. இதைப் படிக்கும் அன்பர்கள் தம் தெருவில் அப்படி ஒருவரை நாடிச் சென்று, என்ன கண்டார் என்று கேட்டு எழுதி வைப்பார்களாயின், அது இக்கட்டுரையினும் பயனுடையதாகும். நாமும் அஸர் தொழுதபின் அம்மூன்று நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு அந்தத் துணிக்கடைக்குப் புறப்படுகிறோம்.