சமயம் கடந்த வழியும் பசித்தவன் வயிறும்

கண்டி மாநகரின் வடபால் மஹய்யாவ என்னும் பகுதி உள்ளது. நகரத்தாரின் பொது மயானம் அங்கேதான் இருக்கிறது. நகரத்தின் வீதிகளைக் கூட்டிக் குப்பையை அகற்றும் தொழிலாளர் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் வாழ்ந்து வருகின்றன. அவர்களுடைய மூதாதையர் கடல் கடந்து தமிழகத்திலிருந்து வந்தவர்கள். அவர்களின் பிள்ளைகள் சிலர் நம்மிடம் பாடம் கேட்கிறார்கள்.

நம் நாட்டுப் பாடசாலைகளில் சமயம் ஒரு கட்டாய பாடம். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சமயப் பாடநூல் என்பதை முடிவு செய்யப் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு. ஓராண்டு அக்கட்டத்தை நிரப்பும் வேளையில் ஒரு மாணவி, "எங்க வீட்டில எல்லாச் சாமியையும் கும்பிடுவோம் சேர், எதை எழுதுறது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டில் மாரியம்மனுக்கு விளக்கு எரிகிறது. அந்தோனியாருக்கு மெழுகுதிரி எரிகிறது. தம்பிக்குக் காய்ச்சல் கண்டால் பள்ளிவாசலில் ஓதி நூல் கட்டுகிறார்கள். பருவம் வந்தால் சிவனொளிபாத மலைக்கும் ஏறுகிறார்கள். இது அறியாமையா? அல்லது, ஒரு சமயத்துக்குள் அடங்காமலே ஆன்ம வாழ்வு வாழ முடியும் என்பதற்குச் சான்றா? வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் இந்நகரத்தின் வரலாறு. கண்டிப் பெரஹராவிலே தலதா மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் செல்கின்றன. பத்தினித் தெய்வம் நம் கண்ணகியே. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க மன்னர் தென்னிந்திய வழியினர். அவர்களுள் கீர்த்திசிறீ இராசசிங்கனே 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதைச் சடங்கை மீண்டும் நிலைநாட்டியவன். இதனைச் சமரசம் என்று போற்றுவோர் உளர். ஆயின் அது அரியணைக்குத் தேவைப்பட்ட சமரசம். வேற்று வழியில் வந்த மன்னனுக்குக் குடிகளின் சமயம் தன் ஆட்சியைத் தாங்கும் தூணாயிற்று.

ஏழைகளின் சமரசம் வேறு வகையானது. மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்த கூலி மக்களுக்கு வழியெல்லாம் சாவு காத்திருந்தது. வைத்தியனும் இல்லை, நியாயம் கேட்க மன்றமும் இல்லை. அத்தகையோர் எந்தத் தெய்வத்தின் கதவையும் தட்டியதில் வியப்பென்ன? மண்ணுலகின் கதவுகள் யாவும் அடைபட்டிருந்தமையால் விண்ணுலகின் எல்லாக் கதவுகளையும் அவர்கள் தட்டினார்கள். இதை இகழ்வது கல்வி ஆகாது. ஆனால் இதையே விடுதலை என்று கொண்டாடுவதும் உண்மை ஆகாது.

தேவையினால் அன்றித் தெளிவினால் சமய எல்லையைக் கடந்தவர் எவரேனும் நம் மரபில் உண்டா? உண்டு. சிலையையும் சாதியையும் சாடிய சிவவாக்கியர் முதலான சித்தர்கள் உண்டு. இந்துக்களும் விரும்பிப் பாடும் குணங்குடி மஸ்தான் சாகிபு உண்டு. அவ்வழியிலே பாடலோடு நில்லாமல் செயலுக்கும் வந்தவர் இராமலிங்க அடிகளார்.

அடிகளார் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார். கண்டிச் சீமையில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் உருவாகத் தொடங்கியதும் அக்காலத்திலேதான். அக்கோப்பியே பின்னர் தமிழ் உழவனை மலைக்கு இழுத்து வந்தது. அடிகளார் தொடக்கத்தில் ஆழ்ந்த சைவர். சென்னைக் கந்தகோட்டத்து முருகனை உருகிப் பாடியவர். 1865இல் சமரச சன்மார்க்க சங்கத்தைத் தோற்றுவித்தார். 1866இல் ஒரிசாவை வாட்டிய பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தின் பகுதிகளையும் தொட்டது. மறு ஆண்டு, 1867 மே 23இல், வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்து அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு அன்று முதல் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது.

1867ஆம் ஆண்டை மாணாக்கர் நன்கு நினைவிற் கொள்ள வேண்டும். கொழும்பிலிருந்து புகைவண்டி கண்டியை எட்டிய ஆண்டு அது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்ட ஆண்டும் அதுவே. பசித்த தமிழனுக்கு அக்காலம் இரண்டு விடைகளை அளித்தது. ஒன்று, உழைப்பை விற்றுப் பிழைக்க மலையேறு என்ற முதலாளித்துவத்தின் விடை. மற்றொன்று, வந்தவன் எந்த ஊரான், எந்தச் சாதியான், எந்தச் சமயத்தான் என்று கேளாமல் சோறு இடு என்ற வடலூரின் விடை. முதல் விடை உலகை வென்றது. இரண்டாவது ஒரு சிற்றூரின் அடுப்பாக நின்றது. எனினும் அது மறக்கத்தக்கதன்று.

1872 சனவரி 25இல் சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. அங்கே உருவச் சிலைக்குப் பதிலாக ஒளியை வைத்தார். விளக்கேற்றும் பணியைப் பிறப்பை நோக்கி ஒரு குலத்தாருக்குக் கொடுக்காமல், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர், எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவர் என்று வயதை நோக்கி வகுத்தார். 1873 அக்டோபர் 22இல் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்திலே, வேதாகமங்களிலும் சமயங்களிலும் பற்று வைக்க வேண்டா என்றார். தாம் முன்பு கொண்டிருந்த சைவப் பற்று அறிவு நிரம்பாத காலத்தது என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தாம் பாடிய பாடல்களுக்காகத் தம்மைப் போற்றிய கூட்டத்தின் முன்னே இவ்வாறு கூறுதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்! மூன்று திங்களில், 1874 சனவரி 30இல், அறைக்குள் புகுந்து கதவை அடைத்தவர் மீண்டும் காணப்படவில்லை.

எதிர்ப்பு எழாமல் இல்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், திருமுறை என்ற பெயர் புதிய பாடல்களுக்கு ஆகாது என்று மறுத்தார். 1869இல் அப்பூசல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அடுத்த தலைமுறையிலும் பூசல் தொடர்ந்தது. கதிரைவேற்பிள்ளை மறுத்துப் பேச, கோட்டாற்று முஸ்லிம் புலவர் செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவின் பக்கம் நின்று வாதாடினார். ஆயினும் நாவலரைப் பிற்போக்காளர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. 1877ஐ ஒட்டிய பஞ்ச காலத்தில் யாழ்ப்பாணத்திலே கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோருக்கு உணவளித்தவரும், பஞ்சத்தைப் பொருட்படுத்தாத ஆட்சியாளரைக் கண்டித்தவரும் அவரே. கொள்கையை இறுகப் பற்றியவரும் அடுப்பு மூட்டினார். கொள்கையை உதறியவரும் அடுப்பு மூட்டினார். எனவே இறுகிய நம்பிக்கை உண்டா இல்லையா என்பதைக் கொண்டு மட்டும் ஒருவரை எடைபோட இயலாது.

வடலூருக்கும் குறை உண்டு. புலால் உண்போர் சபைக்குள் புகலாகாது என்ற விதி, அகப்பட்டதை உண்டு வாழும் ஏழைகளை வெளியே நிறுத்தியது. சோற்றில் வேற்றுமை பாராதவர் ஒளியின் முன்னே ஓர் எல்லை வகுத்தார். பிற்காலத்தில் சபையினுள் இலிங்கமும் சடங்கும் புகுந்தன. 2006இல் அறநிலையத்துறை அவற்றைத் தடுத்தது. 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் அம்முடிவை உறுதிசெய்தது. சமயம் கடக்கச் சொன்னவரின் சபையைச் சமயத்திடமிருந்து மீட்க நீதிமன்றம் வேண்டியதாயிற்று! சமுதாயம் மாறாதவரை எந்தப் புதுவழியும் பழைய தடத்திலேயே வந்து விழும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

இன்று படித்தவரிடையே, "எமக்குச் சமயம் இல்லை, ஆன்மிகம் உண்டு" என்று கூறுவோர் பெருகி வருகின்றனர். நாம் அதை எள்ளவில்லை. அச்சத்தால் கும்பிடுவதை விட ஐயத்தோடு தேடுவது மேல். ஆனால் ஒன்று கேட்போம். தியானத்தில் அமர்ந்து எல்லாம் ஒன்றே என உணர்பவர், மஹய்யாவ என்ற முகவரியைக் கண்டதும் பெண் கொடுக்கத் தயங்குகிறாரே, அது எந்த ஒருமை? சமயச் சின்னத்தைக் கழற்றியவர் சாதியைக் கழற்றாவிடில் அவர் கடந்தது எதனை? மனத்துக்கு இதம் தரும் ஆன்மிகம் வேறு. பிறன் பசி கண்டு துடிக்கும் ஆன்மிகம் வேறு. முன்னது வசதி, பின்னது ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தையும் தனியொருவர் அன்னதானத்தோடு நிறுத்திவிடாமல், பசி தோன்றாத சமுதாயத்தை அமைக்கும் முயற்சியாக வளர்ப்பது நம் தலைமுறையின் கடமை.

அம்மாணவியின் பெயருக்கு நேரே அவள் தாயார் சொன்னபடி "இந்து" என்று எழுதினோம். பதிவேட்டில் வேறு வழியில்லை. சில மாதங்களின் பின் அவள் பாட்டி இறந்தாள். துக்க வீட்டுக்குச் சென்றிருந்தோம். வழக்கப்படி அன்று அவ்வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து லயன்களிலிருந்து சோறும் தேநீரும் வந்தவண்ணம் இருந்தன. கொண்டு வந்தவர்களுள் சிலர் கழுத்தில் சிலுவை இருந்தது, சிலர் நெற்றியில் திருநீறு இருந்தது, சிலர் தலையில் முக்காடு இருந்தது. பந்தியில் இருந்த எவரும் சோறு எந்த வீட்டு அடுப்பில் வெந்தது என்று கேட்கவில்லை.