காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் மனைப்பட்டாவும் வாழ்க்கை உயர்வும்

கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியில், கொள்ளிடத்துக்கும் வீராணம் ஏரிக்கும் இடையே அமைந்த காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், நிலமற்ற குடும்பங்களின் பொருளாதார உயர்வு வீட்டோடு பிணைந்தே நடந்துள்ளது. மனையின் உரிமை, வீடு கட்டித் தரும் அரசுத் திட்டங்கள், படிக்க நகரத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கான விடுதிகள் ஆகிய மூன்றும் இந்த வரலாற்றில் அடங்கும். வீடு தருவதால் மட்டும் ஒரு குடும்பம் உயர்ந்துவிடுவதில்லை. அந்த மனை யார் பெயரில் இருக்கிறது, வேலைக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, கட்டி முடிப்பதற்குள் எவ்வளவு கடன் ஏறுகிறது என்பவையே பலனைத் தீர்மானிக்கின்றன.

பகுதியும் குடியமைப்பும்

காட்டுமன்னார்கோயில் ஒரு பேரூராட்சி, வட்டத் தலைநகர். வைணவ ஆசாரியர் நாதமுனிகள் பிறந்த ஊர். முதல் பராந்தக சோழன் காலத்ததாகக் கருதப்படும் வீராணம் ஏரிக்குக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. 2004 முதல் இந்த ஏரியிலிருந்து சென்னைக்கும் குடிநீர் செல்கிறது. ஊருக்கு ரயில் கிடையாது. ரயிலுக்கும் கல்லூரிக்கும் பெரிய மருத்துவமனைக்கும் சிதம்பரம்தான் போக வேண்டும். 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இப்பகுதி கடலூர் மாவட்டத்தில் சேர்ந்தது. சட்டமன்றத்தில் இது தனித்தொகுதி.

நெல் விளையும் மற்ற ஆற்றுப்பாசனப் பகுதிகளைப் போலவே இங்கும் ஊர் தனி, காலனி தனி. மேட்டு நிலத்தில் ஊரும், வாய்க்கால் ஓரத்திலோ தாழ்வான வயல் விளிம்பிலோ ஆதிதிராவிடர் குடியிருப்பும் இருப்பது பரவலான அமைப்பு. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் முதலில் நீர் சூழ்வது தாழ்வான தெருக்களைத்தான். எனவே மனை எங்கே அமைந்தது என்பதே ஒரு குடும்பத்தின் ஆண்டுச் செலவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

மனையின் உரிமை

பண்ணை வேலை நிலவிய காலத்தில் கூலியாளின் குடிசை பெரும்பாலும் நிலவுடைமையாளரின் இடத்திலேயே இருந்தது. கூலி கேட்டுக் குரல் உயர்த்தினாலோ வேறு இடத்துக்கு வேலைக்குப் போனாலோ குடிசையைப் பிரிக்கச் சொல்லிவிடலாம். குடியிருக்கும் இடமே வேலைக்குப் போட்ட கட்டாக இருந்ததால், கூலி பேசும் வலு தொழிலாளிக்கு இல்லை. கீழத்தஞ்சையில் நடந்த கூலிப் போராட்டங்களும் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி நிகழ்வும் இந்த உறவின் கொடுமையை நாட்டுக்கே காட்டின.

1971இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த குடியிருப்பு அனுபோகதாரர் உரிமைச் சட்டம், விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கியது. 1978இல் ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் கையகப்படுத்தும் தனிச் சட்டம் வந்தது. காலனிகளை விரிவாக்கவும் புது மனை பிரித்துத் தரவும் அரசு தனியார் நிலத்தை எடுக்க இச்சட்டம் வழி செய்தது.

காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த எல். இளையபெருமாள், தீண்டாமை குறித்தும் பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி நிலை குறித்தும் ஆராய 1965இல் ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். குழுவின் அறிக்கை 1969இல் வெளியானது. இளையபெருமாள் குழு என்றே இன்றும் குறிப்பிடப்படும் இக்குழுவின் தலைவர், ஊரும் காலனியும் பிரிந்து கிடந்த இதே வட்டாரத்திலிருந்து நாடாளுமன்றம் சென்றவர்.

இன்று இலவச வீட்டுமனைப் பட்டா வழங்கும்போது ஊரகத்தில் பொதுவாக 3 சென்ட் தரப்படுகிறது. கையில் பட்டா உள்ளவருக்கு மின் இணைப்பும் அரசுத் திட்டத்தின் தொகுப்பு வீடும் எளிதில் கிடைக்கின்றன. ‘பட்டாவா, புறம்போக்கா?’ என்பதுதான் வீட்டுக்கு விண்ணப்பம் எழுதும்போது எழும் முதல் கேள்வி. ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் இரண்டு தலைமுறையாக வாழ்ந்தாலும், அந்த இடம் நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் பட்டா கிடைக்காது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டத்தின்படி அத்தகைய வீடுகள் அகற்றப்படவும் கூடும். நீர்வளம் மிகுந்த வட்டாரத்தில் ஏழைக்கு எளிதில் கிடைத்த இடமே சட்டத்தின் கண்ணில் இடமே இல்லாததாகிவிடுகிறது.

கீற்றிலிருந்து தளத்துக்கு

கூரை வீடு கட்டச் செலவு குறைவு. வைத்துக் காப்பாற்றத்தான் செலவு அதிகம். ஐப்பசி மழைக்கு முன் கீற்று மாற்ற வேண்டும், மூங்கில் உளுத்தால் மாற்ற வேண்டும், மழையில் கரைந்த மண்சுவரைப் பூச வேண்டும். கீற்று, கயிறு, ஆள்கூலி என்று ஆண்டுதோறும் இதற்குப் போகும் பணம் வேறெதிலும் முதலாகச் சேராது. ஒழுகும் வீட்டில் நெல் மூட்டை, பாடப்புத்தகம், சாதிச் சான்றிதழ் எல்லாமே பாலித்தீன் பையில் கூரைக்கழியில் தொங்கும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், கூரை வீட்டில் வாழ்வோரின் இழப்பு எப்படி ஒரே இரவில் முழுமையாகும் என்பதைக் கடலூர் மாவட்டத்துக்குக் காட்டியது.

கான்கிரீட் வீட்டுக்கான அரசுத் திட்டங்கள் படிப்படியாக வளர்ந்தன. 1985-86இல் இந்திரா வீட்டு வசதித் திட்டம் தொடங்கியது. மாநில அளவில் 21 லட்சம் குடிசைகளை மாற்றும் இலக்குடன் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 2010இல் வந்தது. 2011-12 முதல் 300 சதுர அடியில், சூரிய மின்விளக்குகளுடன், 1.80 லட்சம் ரூபாயில் பசுமை வீடுகள் கட்டப்பட்டன. 2016இல் வந்த பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் சமவெளிப் பகுதியில் 1.20 லட்சம் ரூபாய் தருகிறது; தளம் போட மாநில அரசு தனியே தொகை சேர்க்கிறது. 2024-25இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் வழங்குகிறது. 2030க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டுவது இதன் இலக்கு.

செலவும் கடனும்

பணம் மொத்தமாக வருவதில்லை. அடித்தளம், லின்டல், தளம், பூச்சு என ஒவ்வொரு கட்டத்தையும் ஓவர்சியர் பார்த்து எழுதிய பிறகே ‘பில்’ வரும். கையில் பணம் இருப்பவர் அடுத்தடுத்துக் கட்டிவிடுகிறார். இல்லாதவர் வட்டிக்கு வாங்குகிறார், அல்லது நகையை அடகு வைக்கிறார், அல்லது லின்டல் மட்டத்தில் வேலையை நிறுத்திவிட்டுச் சென்னைக்கோ திருப்பூருக்கோ கூலிக்குப் போகிறார். தாழ்வான மனையில் கட்டுபவர்கள் முதலில் மண் கொட்டி மேடாக்க வேண்டும். அந்தச் செலவு அவர்கள் தலையில் விழுகிறது. ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ்ப் பயனாளிக்குத் தரப்பட்ட 90 நாள் கூலி இந்தச் சுமையை ஓரளவு குறைத்தது.

இதனால் ஒரே திட்டம் இரண்டு குடும்பங்களுக்கு இரண்டு விதமாகப் பலிக்கிறது. கடனில்லாமல் கட்டி முடித்த வீட்டில் கீற்றுச் செலவு மிச்சமாகி, ஆடு மாடு வாங்கவோ பிள்ளையின் படிப்புக்கோ போகிறது. கடனில் முடிந்த வீட்டில் அதே மிச்சம் வட்டிக்குப் போகிறது.

தங்கிப் படிக்க ஓர் இடம்

கிராமத்துப் பிள்ளைக்கு நகரத்தில் மலிவான படுக்கை கிடைப்பதும் குறைந்த செலவு வீட்டு வசதியின் ஒரு வடிவம்தான். சுவாமி சகஜானந்தா 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் தங்கும் விடுதியும் அங்கே உருவாயின. நகரத்தில் வாடகைக்கு வீடு கேட்டால் சாதி கேட்ட காலத்தில், விடுதி இல்லாமல் பள்ளி மட்டும் இருந்திருந்தால் கிராமத்து மாணவருக்குப் பயன் இருந்திருக்காது. பின்னர் அரசின் ஆதிதிராவிடர் நல விடுதிகள் இதே வேலையைப் பரவலாகச் செய்தன. 1929இல் சிதம்பரத்தை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு, காட்டுமன்னார்கோயில் பக்கத்து மாணவருக்கு மேற்படிப்பு பேருந்தில் போய்த் திரும்பும் தொலைவுக்கு வந்தது.

பெருநகர, உலக அனுபவங்கள்

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970இல் அமைக்கப்பட்டது. 2021இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. தொடக்கத்தில் சென்னையில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தந்த வாரியம், 2000க்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற புறநகரங்களுக்கு மாற்றியது. ஒழுகாத வீடு கிடைத்தது. வீட்டு வேலை, மீன் வியாபாரம், சுமை தூக்கும் வேலை எல்லாம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. பேருந்துக் கட்டணமும் பயண நேரமும் கூலியில் ஒரு பங்கைத் தின்றன. பலர் நடுவில் வேலையை விட்டனர்.

அகமதாபாத்தில் 1987இல் குலுக்கலில் வீடு பெற்ற பெண் தொழிலாளர்களை 14 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோதும் இதே நிலை தெரிந்தது. நகருக்கு வெளியே நல்ல வீடு கிடைத்தும் வருமானம் உயரவில்லை. 34 விழுக்காட்டினர் குடிபோகவே இல்லை, 32 விழுக்காட்டினர் பின்னர் வெளியேறினர். பெரு நாட்டு நகரங்களில் 1996 முதல் மனை உரிமை வழங்கப்பட்டபோது, இடத்தைக் காவல் காக்க வீட்டிலேயே இருக்க வேண்டிய அவசியம் தீர்ந்து, மக்கள் வெளி வேலைக்குச் செல்லும் நேரம் கூடியதாக ஆய்வு கண்டது. அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 1994 முதல் நடந்த ஒரு சோதனையில், வறுமை குறைந்த பகுதிக்கு 13 வயதுக்குள் குடிபெயர்ந்த பிள்ளைகள், அந்த வாய்ப்பு கிடைக்காதவர்களைவிட இருபதுகளின் நடுவில் 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தனர்.

இன்றைய சிக்கல்கள்

பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் 2011 கணக்கெடுப்பின் பட்டியலை அடிப்படையாகக் கொண்டதால், அதற்குப் பின் தனிக்குடித்தனம் போன மகன்களின் குடும்பங்கள் நீண்டகாலம் விடுபட்டிருந்தன. கூட்டுக் குடும்பம் பிரிந்தாலும் 3 சென்ட் பிரியாது. ஒரே மனையில் இரண்டாவது அடுப்பு எரிகிறது. 1980களிலும் 90களிலும் கட்டிய தொகுப்பு வீடுகளில் கம்பி துருப்பிடித்துத் தளம் உதிர்வதால், பழைய வீடுகளைப் பழுதுபார்க்கவும் அரசு தனித் திட்டம் தொடங்க வேண்டியதாயிற்று.

இத்தனை சிக்கல்களுக்கு நடுவிலும் ஒரு வேறுபாடு தெரிகிறது. சென்னையில் வீடு கிடைத்து வேலை தொலைந்தது. காட்டுமன்னார்கோயிலில் மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, மனை மட்டும் கைமாறியது. உறவும் வயல் வேலையும் பள்ளியும் விட்டுப் போகவில்லை. 1971இன் சட்டம் செங்கல் ஒன்றுகூடத் தராமல் செய்த மாற்றம் இது. அடுத்து வந்த திட்டங்கள் அதன்மேல்தான் சுவர் எழுப்பின.