கம்பூட்ஸ் வந்த வழி

மைசூர் நகரின் வடமேற்கில் ஹெப்பாள் என்னும் பகுதி இருக்கிறது. ஏரியும் தொழிற்பேட்டையும் அடுத்தடுத்து அமைந்த இடம். நம் நாட்டிலிருந்து பிழைப்பை நாடி வந்தோர் பலர் அங்கும் அதன் சுற்றுப்புறத்திலும் கட்டட வேலை, கால்வாய் வேலை, ஆலை வேலை முதலியவற்றில் ஈடுபட்டிருக்கின்றனர். மழைக்காலத்து விடியற்காலையில் அவ்வழியே நடந்து செல்லும்பொழுது ஒரு காட்சியை நாம் காண்கிறோம். அடித்தளம் தோண்டிய குழியில் சேறும் நீரும் தேங்கி நிற்கின்றன. அதில் இறங்கி வேலை செய்வோருள் ஒருவர் முழங்கால் அளவு உயர்ந்த கறுப்பு ரப்பர் பூட்ஸ் அணிந்திருக்கிறார். அவர் அருகில் நிற்பவரோ வெறுங்காலுடன் நிற்கிறார். குளிர்ந்த சேற்றினால் அவர் விரலிடுக்குகள் வெளுத்து ஊறியிருக்கின்றன. இவ்விரண்டு ஜோடிக் கால்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுச் சரித்திரம் அடங்கியிருக்கிறது.

நாம் கம்பூட்ஸ் என்று அழைக்கும் இக்காலணிக்கு ஆங்கில நாட்டில் வழங்கும் பெயர் வெல்லிங்டன் என்பதாகும். இப்பெயருக்கு உரியவர் நமக்கு அந்நியர் அல்லர். ஹெப்பாளிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவில் உள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வாழ்ந்தவர்தாம் அவர். அந்நாளில் அவர் பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1799-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் இரவில், திப்பு சுல்தானின் கோட்டையை அடுத்த சுல்தான்பேட்டைத் தோப்பைக் கைப்பற்றச் சென்றார். இருட்டிலே வாய்க்கால்கள் குறுக்கிடும் அத்தோப்பில் வழி தெரியாமல் அவர் படை சிதறியது. முழங்காலில் அடிபட்டு அவர் பின்வாங்க நேர்ந்தது. மறுநாள் பகலில் பெரும்படையுடன் சென்றே தோப்பைப் பிடிக்க முடிந்தது. மே 4-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டார். அதன்பின் வெல்லெஸ்லி அந்நகரின் தலைமையை ஏற்று, தரியா தௌலத் மாளிகையில் தங்கியிருந்தார். 1805-இல் இந்தியாவை விட்டுச் சென்றார்.

அத்தோப்பின் வாய்க்காலில் கால் நனைந்ததனாலேயே பூட்ஸ் பிறந்தது என்று கதை கட்டுதல் எளிது. சரித்திரம் அவ்வாறு கூறவில்லை. நெப்போலியனை எதிர்த்து நிகழ்ந்த போர்களின் காலத்தை ஒட்டியே, வெல்லிங்டன் பிரபுவாக உயர்ந்துவிட்ட அவர், லண்டனிலிருந்த தம் சக்கிலியரான ஹோபி என்பவரிடம் ஒரு மாற்றம் செய்யச் சொன்னார். அக்காலப் படைத்தலைவர்கள் அணிந்த ஜெர்மானிய பாணிப் பூட்ஸில் குஞ்சம் தொங்கும், மேல்விளிம்பு வளைந்திருக்கும். குஞ்சத்தை நீக்கி, காலோடு ஒட்டினாற்போல் மெல்லிய கன்றுத்தோலில் தைக்கும்படி அவர் கேட்டார். அதுவே வெல்லிங்டன் ஆயிற்று. எனினும் அது பிரபுக்கள் அணிந்த தோல் பூட்ஸ்தான். சேற்றில் உழைப்பவனுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

உழைப்பவனின் காலுக்கு அதைக் கொண்டுவந்த பொருள் ரப்பர். தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளில் வாழ்ந்த மக்கள் மரத்தின் பாலைக் கொண்டு நீர் புகாத காலணி செய்யும் முறையை முன்னரே அறிந்திருந்தனர். அக்காலணிகள் 1820-களில் அமெரிக்க நகரங்களுக்கு விற்பனைக்கு வந்தன. ஆனால் வெயிலில் அவை இளகிப் பிசுபிசுத்தன. குளிரில் விறைத்து வெடித்தன. 1839-இல் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர், ரப்பருடன் கந்தகம் கலந்து சூடேற்றினால் அது வெயிலுக்கு இளகாமலும் குளிருக்கு வெடிக்காமலும் நிற்கும் என்பதைக் கண்டார். 1844-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஹைரம் ஹட்சின்சன் என்பவர் அம்முறையைக் காலணிக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்று, 1853-இல் பிரான்சில் தொழிற்சாலை நிறுவினார். மரக்கட்டைச் செருப்புடன் வயலில் உழன்ற பிரெஞ்சுக் குடியானவன், மாலையில் உலர்ந்த காலுடன் வீடு திரும்பும் பேற்றை அப்பொழுதுதான் பெற்றான்.

முதல் உலக யுத்தம் இக்காலணியை உலகறியச் செய்தது. பிரான்சு நாட்டுப் பதுங்கு குழிகளில் நாட்கணக்காகக் குளிர்ந்த நீரில் நின்ற சிப்பாய்களின் பாதங்கள் மரத்து, வீங்கி, அழுகின. இந்நோய்க்கு உறைபனி வேண்டுவதில்லை. நீங்காத ஈரமும் குளிரும் போதும். ஈரக்குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்க, பாதத்துக்குப் போதிய இரத்தம் செல்லாமையே காரணம். 1914-ஆம் ஆண்டு செப்டம்பரில் மார்செய்ல் துறைமுகத்தில் இறங்கிய இந்தியச் சிப்பாய்களுள் பலர், வெயில் நாட்டுக்குரிய மெல்லுடையுடன் அக்குளிர்காலத்தை எதிர்கொண்டனர். எடின்பரோ நகரத்து ரப்பர் கம்பெனி ஒன்று மட்டும் யுத்தத்தின்பொழுது சுமார் 12 லட்சம் ஜோடி பூட்ஸ் செய்து கொடுத்தது.

இவ்வளவு ரப்பர் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம்முடைய சரித்திரம் தொடங்குகிறது. 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகள் லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் முளைத்தன. அவ்வாண்டே சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. இலங்கையிலும் மலாயாவிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. திருவிதாங்கூரில் பெரியாற்றங்கரையில் தட்டேக்காடு என்னுமிடத்தில் 1902-இல் தோட்டம் எழுந்தது. விடியுமுன் எழுந்து மரப்பட்டையைக் கீறிப் பாலைச் சேர்த்த கைகளுள் மிகுதியானவை தமிழர் கைகள். கங்காணியின் பின்னே கடல் கடந்து சென்ற அவர்களுடைய கால்களிலோ ஒன்றும் இல்லை. உலகத்தார் கால்களை நனையாமல் காத்த ரப்பரை, நனைந்த வெறுங்கால்களே சுமந்து வந்தன.

அவ்வெறுங்கால் வெறும் வறுமையின் அடையாளமாக மட்டும் நின்றுவிடவில்லை. அது நோயின் வாசலும் ஆயிற்று. கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமண்ணில் வாழ்ந்து, பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகிறது என்பதை, 1898-இல் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்னும் அறிஞர் கண்டறிந்தார். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் அப்புழு, தோட்டத் தொழிலாளரைச் சோகை பிடித்தவராக்கியது. சோகையினால் தளர்ந்தவனைச் சோம்பேறி என்று துரைமார் ஏசினர். 1916-ஆம் ஆண்டளவில் ராக்ஃபெல்லர் அறநிலையத்தார் இலங்கைத் தோட்டங்களில் இந்நோயை ஒழிக்க முற்பட்டனர். மருந்து கொடுத்தனர், கழிப்பிடம் கட்டுமாறு வற்புறுத்தினர். மருந்தினால் நீங்கிய புழு, வெறுங்காலின் வழியே மீண்டும் புகுந்தது.

நாம் வெட்கத்துடன் நினைவுகூர வேண்டிய மற்றொன்றும் உண்டு. தாய்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில், தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் மேல்சாதியார் தெருவில் செருப்பணிந்து நடக்கலாகாது என்ற கொடுமை நெடுங்காலம் நிலவியது. செருப்பைத் தைத்தவனே அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தான். ஆகவே காலணி என்பது காலை மட்டும் காப்பதன்று; மானத்தையும் காப்பதாகும்.

சுதந்திரத்துக்குப்பின் சட்டம் இவ்விஷயத்தைக் கவனித்தது. ஆனால் எல்லாரிடத்தும் ஒரே கண்ணோடு கவனிக்கவில்லை. 1957-இல் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் 1961-இல் உலோகச் சுரங்கங்களுக்கும் வகுத்த விதிகள், பாதுகாப்புக் காலணியின்றி எவரும் சுரங்கத்தில் வேலை செய்யலாகாது என்றன. நம்மவர் பெருந்தொகையினராக உழைத்த கோலார் தங்கவயலும் இவ்விதிக்கு உட்பட்டே, 2001-இல் மூடப்படும்வரை நடந்தது. ஆனால் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமோ, மழையினின்றும் குளிரினின்றும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைச்சட்டை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறித்தது. அவை போன்ற பிறவும் என்று முடித்துக்கொண்டது. தலை நினைவில் இருந்தது. தோள் நினைவில் இருந்தது. அட்டை கடிக்கும் கால் அந்தப் ‘பிற’வற்றுள் ஒதுங்கிக்கொண்டது. பெயர் குறித்துக் கேளாத பொருள் கைக்கு வருதல் அரிது என்பதை உழைத்துப் பிழைப்போர் நன்கு அறிவர்.

இன்று ரப்பரேயன்றி பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் பொருளாலும் கம்பூட்ஸ் வார்க்கப்படுகிறது. ரப்பர் பூட்ஸுக்கு ஐ.எஸ். 5557 என்னும் இந்தியத் தரநிலையும் உண்டு. வழுக்காத அடியும், கனமான பொருள் விழும் இடமாயின் விரல்களின்மேல் எஃகுத் தகடும் உள்ளதே வேலைக்கு ஏற்றது. நீர் புகாத காலணியிலிருந்து வியர்வையும் வெளியேறாது. எனவே உலர்ந்த காலுறை அணிதல், மாலையில் பூட்ஸைக் கவிழ்த்து உலர்த்துதல், ஒருவர் அணிந்ததை மற்றவர் அணியாதிருத்தல் ஆகியவை இன்றியமையாதவை. ஈரச் சிமெண்டுக் கலவை தோலை வேகவைத்துவிடும். சாக்கடை நீர் கலந்த சேறு எலிக்காய்ச்சலைத் தரும். காலில் சிறு கீறல் இருந்தாலே போதும்.

ஹெப்பாளின் குழியில் வெறுங்காலுடன் நின்றவரை மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். அவர் தாத்தா மலாயாவிலோ இலங்கையிலோ ரப்பர்ப் பால் சேர்த்தவராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எப்படியாயினும், அவர் அருகில் நிற்பவரின் காலிலுள்ள பூட்ஸ், தளபதி ஒருவரின் பெயரைத் தாங்கி, அவரைப் போன்ற ஆயிரமாயிரம் ஏழைகளின் உழைப்பினால் உருவாகி வந்த பொருள். அதில் அவருக்கும் பங்கு உண்டு. புற மாநிலங்களில் வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரிகளாகவும், கணக்கர்களாகவும், சிறு ஒப்பந்தக்காரர்களாகவும் நம்மவரே பலர் இருக்கின்றனர். கூலியைப் பேசும்பொழுதே காலணியையும் பெயர் சொல்லிப் பேசிவிடுவது அவர்களால் ஆகக்கூடிய காரியம். சேற்றில் இறங்குபவன் கேட்பதற்கு முன்பே அது அவன் காலுக்கு வந்து சேருமாயின், இந்த நெடிய சரித்திரம் நல்லதொரு முடிவை எய்தும்.