திருட்டுப் பொருளும் திறந்த சந்தையும்

களவுபோன தம் மிதிவண்டி இணையத்தில் விலைக்கு வந்திருப்பதைக் காணும் ஓர் இங்கிலாந்துக்காரர், விற்பவர் அதைச் சந்தையில் நேர்மையாக வாங்கியதாக மெய்ப்பித்தாலும், அதைத் திரும்பக் கேட்கலாம். இந்த உரிமை தடையின்றிக் கிடைத்தது 1995 ஜனவரி 3 முதல்தான். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் 'மார்க்கெட் ஓவர்ட்' என்னும் விதி அங்கே வழங்கியது. முறைப்படி நிறுவப்பட்ட சந்தையில், சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையே, எல்லோர் பார்வையிலும் வைத்து விற்ற சரக்கை நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு, அது திருட்டுச் சரக்கே ஆனாலும், முழு உரிமை சேரும் என்பது அதன் சாரம்.

வாங்கியவருக்குக் காட்டிய சலுகையாக இது தோன்றினாலும், சந்தைகள் சிலவாக இருந்த காலத்தில், பறிகொடுத்தவர் அங்கே சென்று தேடினால் பொருள் கண்ணில் படும் என்ற எதிர்பார்ப்பே இதன் அடித்தளம். லண்டன் மாநகரின் பழைய எல்லைக்குள் ஞாயிறு நீங்கலாக எல்லா நாளும் ஒவ்வொரு கடையும் சந்தையாகவே கொள்ளப்பட்டது. ஆயினும் அக்கடை வழக்கமாக விற்கும் சரக்குக்கு மட்டுமே அந்தத் தகுதி உண்டு. பத்திரம் எழுதுபவர் கடையில் விற்கப்பட்ட வெள்ளிப் பாத்திரம் பற்றிய 1596ஆம் ஆண்டு வழக்கில் உரிமை மாறவில்லை என்று முடிவானது. வெள்ளியைத் தொலைத்தவர் பொற்கொல்லர் கடைகளில் தேடுவாரேயன்றி அங்கே எதற்காக எட்டிப் பார்க்கப்போகிறார்?

ஓர் இரவிலேயே வெகுதூரம் ஓட்டிச் சென்றுவிடக்கூடிய குதிரைக்கு இந்த ஏற்பாடு போதவில்லை. ஆகவே 1555ஆம் ஆண்டுச் சட்டம், குதிரையைச் சந்தையில் ஒரு மணி நேரமாவது வெளிப்படையாக நிறுத்தி வைக்கவும், அதன் நிறத்தையும் அடையாளம் ஒன்றையும் சுங்கப் பதிவேட்டில் குறிக்கவும் கட்டளையிட்டது. 1589ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆறு மாதத்துக்குள் வந்து தன்னுடையதென்று நிறுவும் உரிமையாளர், வாங்கியவர் தந்த விலையைக் கொடுத்துக் குதிரையை மீட்கலாம் என்றது. மிதிவண்டியின் பிரேமில் பொறிக்கப்படும் எண் செய்கிற வேலையை அன்று குதிரையின் நெற்றிச்சுட்டி செய்தது எனலாம்.

1893ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் பழைய விதியை எழுத்தில் நிலைநிறுத்தியது. அதை அடியொற்றி இந்தியாவில் இயற்றப்பட்ட 1930ஆம் ஆண்டுச் சட்டம் இந்த விதியைச் சேர்த்துக்கொள்ளாமல் விட்டது. ஆதலால் மும்பையின் சோர் பஜாரிலோ சென்னையின் பழைய சாமான் கடைகளிலோ பட்டப்பகலில் வாங்கினாலும் திருட்டுப் பொருளுக்கு உரிமை பிறப்பதில்லை.

இங்கிலாந்திலோ, லண்டனில் ஒரு சந்தையில் விற்கப்பட்ட களவுபோன மெழுகுவத்தித் தாங்கிகளைப் பற்றிய வழக்கு, 1973இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், விற்பனை நடந்தபோது பொழுது விடிந்திருந்ததா என்ற கேள்வியில் வந்து நின்றது. விடியவில்லை என்பதால் பொருள் உரியவருக்கே போயிற்று. பரம்பரைச் சொத்தின் கதியைச் சூரியன் தீர்மானிக்கும் விதிக்கு அதன்பின் நெடுநாள் ஆயுள் இருந்திருக்கக் கூடாது. எனினும் அதை நீக்கும் சட்டம் 1994இல்தான் நிறைவேறியது.

ஒரு வரம்பு இன்னும் நீடிக்கிறது. 1980ஆம் ஆண்டுக் காலவரைச் சட்டப்படி, திருடனுக்கு எதிராகக் காலக்கெடு ஓடாது. ஆனால் நல்லெண்ணத்தோடு ஒருவர் வாங்கிய நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் கழிந்தால், அதுவரை பொருளை மீட்காத பழைய உரிமையாளரின் உரிமை அற்றுப்போகிறது.